மச்சான் விரலும் பொடி எஞ்சினும்

எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு: எஞ்சினுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவர் ஒரு ரகம், எஞ்சினைத் தவறவிட்டுவிட்டுப் பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தேடுகிறவர் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம்.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, தென்காசியில் காஸ் லைட்டு, ஸ்டவ், தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். எங்களுடையது மேளக்காரக் குடும்பம். நாயனத்தை வாயில் வைத்து ஊதினால் வெறும் காற்று மட்டும் வருகிற பிள்ளையாக எங்கள் வம்சத்தில் நான் பிறந்துவிட்டேன். சரி, ஸ்டவ்வுக்குக் காற்றடித்தாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிழைத்துக்கொண்டுதான் இருந்தேன், இந்தப் பொடி எஞ்சின்கள் என் கடைப்படி ஏறுகிற வரைக்கும்.

பொடி எஞ்சின் என்றால், விளையாட்டு ஏரோப்ளேனின் மூக்கில் மாட்டுவது. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அதன் உச்சந்தலையில் ஒரு பிளக், பிளக்குக்குள் மெல்லிய கம்பிச் சுருள். பேட்டரிக் கட்டையிலிருந்து வயரைத் தொடுத்தால் சுருள் சிவக்கும். உடனே முன்னால் இருக்கிற காத்தாடியை விரலால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டால் பேட்டரியைக் கழற்றிவிடலாம், தன் சூட்டிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். பிடிக்காவிட்டால் காத்தாடி எதிர்ப்பக்கம் திரும்பி வந்து விரலைப் பதம் பார்க்கும். அதற்கு ஆகாரம் ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும். போடுகிற சத்தத்துக்கு அடுத்த தெருத் தொட்டிலில் தூங்குகிற பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும்.

பினாங்கு, கொழும்பு போய் வந்தவர்கள் கொண்டுவந்தது கொஞ்சம். மலை எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறின வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது கொஞ்சம். என் கைக்கு வரும்போது எல்லாமே பல் போன கிழங்கள். அடுத்தவர் சாமானைக் கையில் வாங்கி, 'இதென்ன பிரமாதம், நாளைக்கு வாங்க' என்று சொல்லிவிட்டுப் பிறகு சோறு தண்ணீர் இறங்காமல் தவித்த அன்பர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

எனக்குக் கூட்டாளி, என் மனைவி கோமதியின் அண்ணன் சங்கரலிங்கம். தவில்காரர். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆகவே ஒன்றிரண்டு கோயில் சப்பரம் தவிர மேளக்காரர்களுக்கு வேலையும் கிடையாது. அதே ஆடியில்தான் குற்றாலத்தில் சீசன். எஞ்சின் வைத்திருக்கிற சீமான்கள் எல்லாம் சாரலுக்கு வந்து இறங்குவார்கள், எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். சும்மா இருக்கிற மச்சான் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

இன்னும் வேகவில்லை

முதல் எஞ்சின் ராவுத்தருடையது. பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே கப்பலேறப் போன ஒரு சிப்பாயிடம் ஆசைப்பட்டு வாங்கி, பெட்டிக்குள் வைத்து, மறந்தே போனார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த விளக்கெண்ணெய் காய்ந்து இறுகி அரக்கு மாதிரி ஆகியிருந்தது. காத்தாடித் தண்டை எத்தனை முறுக்கினாலும் அசையவில்லை. ராவுத்தர் வீட்டில் புளி போட்டு விளக்கி வெளியில் மட்டும் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

இறுகின எண்ணெயைச் சூடு காட்டித்தான் இளக்க வேண்டும். நேரே நெருப்பில் காட்டினால் எஞ்சின் கோணிவிடும். பதமான சூடு, நாலு பக்கமும் ஒரே மாதிரி சூடு வேண்டும். யோசித்துப் பார்த்ததில் அப்படிப்பட்ட சூடு எங்கள் வீட்டிலேயே இருந்தது, கோமதியின் இட்லிக் கொப்பரையில். அவள் குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நடுக்குழி இட்லியை எடுத்துவிட்டு அங்கே எஞ்சினைத் துணியில் வைத்து, சுற்றி இருந்த இட்லிகளைக் கலைக்காமல் மூடிவிட்டேன். மச்சான் அன்று பலகாரம் சாப்பிட்டுவிட்டு, இட்லி தொண்டையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது என்று தங்கச்சியைப் பாராட்டினார். பிற்பகலில் அந்தப் பாராட்டை வாபஸ் வாங்கினார்.

எஞ்சின் கொப்பரைக்குள் இருக்கும்போதே ராவுத்தர் வாசலில் வந்து நின்று, "என்னவே, நம்ம எஞ்சினு ஆச்சா?" என்று குரல் கொடுத்தார். அடுக்களையிலிருந்த நான் யோசிக்காமல், "இன்னும் வேவல மொதலாளி, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து காட்டினேன். ஆவி பறக்க, இட்லிகளுக்கு நடுவில் அவருடைய பினாங்கு எஞ்சின் குளிர்காய்ந்துகொண்டிருந்தது. தாடியைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ராவுத்தர் சொன்னார்: "வெந்ததும் எஞ்சின மட்டும் குடுத்தனுப்பும்வே. சட்னி வேண்டாம்."

மச்சான் சுண்டினார்

வெந்த எஞ்சின் இளகிவிட்டது. கழுவித் துடைத்து, பெஞ்சில் திருகி இறுக்கி, ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, பேட்டரியைத் தொடுத்துவிட்டு விரலால் சுண்டினேன். பேசவில்லை. மறுபடி சுண்டினேன். மௌனம். கோபத்தில் ஓங்கி ஒரு சுண்டு சுண்டினேன் பாருங்கள், படாரென்று ஒரு சத்தம், காத்தாடி எதிர்ப்பக்கம் திரும்பி என் ஆள்காட்டி விரலை ஒரு வாங்கு வாங்கிவிட்டது. விரல் கோவைப்பழமாகிவிட்டது. நான் ஒற்றைக் காலில் கடையைச் சுற்றி வந்தேன். விரலில் அடிபட்டால் காலைத் தூக்கிக்கொண்டு ஏன் குதிக்கிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த மச்சான் எழுந்து வந்தார். "மாப்ள, அத அடிக்கக் கூடாதுவே. தொட்டுட்டு ஓடியாந்துரணும்" என்றபடி மடியிலிருந்து விரல் கூடுகளை எடுத்தார். தவில்காரர்கள் வலது கை விரல்களில் மாட்டிக்கொள்கிற தொப்பிகள் அவை. துணிக் கிழிசலைப் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி இறுகும். மாட்டிக்கொண்டு, கணுக்கையை லேசாக உதறி ஒரு தட்டு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கடைக்குள் இருந்த காஸ் லைட்டுக் கண்ணாடிகள் எல்லாம் கிடுகிடுத்தன. மச்சான் முகத்தில் வந்த சிரிப்பை நான் எந்தக் கல்யாணப் பந்தலிலும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து சுண்டுகிற உத்தியோகம் அவருக்கு, திருகுகிற உத்தியோகம் எனக்கு.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் சேதி வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய நாயன வித்வான் ஒருவர் ஆடிக் கடைசியில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறார். ஆவணியில் அவருக்கு யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கச்சேரி. கூட வர ஒரு தவில் வேண்டும். சங்கரலிங்கத்தின் வாசிப்பைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மச்சான் மீசை முளைத்த நாளிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்த இடம் அது. இனி அந்த வலது கை விரல்களில் ஒரு கீறல் விழக்கூடாது. நான் அவரைக் கடைப்பக்கம் வராதீர்கள் என்றேன். அவர் கேட்கவில்லை, ருசி கண்டுவிட்டார். கோமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எங்கண்ணன் வெரலு எல்லாம் போன மாதிரியே வீட்டுக்குத் திரும்பி வரணும், சொல்லிட்டேன். உங்க வெரலப் பத்தி எனக்குக் கவல இல்ல."

ஏட்டையாவின் மூக்கு

மதுவிலக்குக் காலம். கடையில் ஸ்பிரிட் டின் இருந்தால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். முறைப்படி அனுமதி வாங்கி, மதுரையிலிருந்து வரவழைத்து வைத்திருந்தேன். இருந்தாலும் ஒருநாள் ஏட்டையா வந்துவிட்டார். கடைக்குள் வந்து நின்று மூக்கை நாலு திசையிலும் திருப்பினார். மூக்கு நேரே பெஞ்சுக்கடியில் இருந்த டின்னுக்குப் போயிற்று. மூடியைத் திறந்து மோந்தார், முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை மோந்தார், முகம் சுருங்கியது. "என்னவே இது, நல்ல வாசமும் வருது, நாத்தமும் வருது?" என்றார்.

இது குடிக்கிற சரக்கில்லை, வாயில் பட்டால் கண் போய்விடும், எஞ்சினுக்கு ஊற்றுவது என்று சொன்னேன். நம்பவில்லை. எங்கே ஓட்டிக் காட்டு என்றார். ராவுத்தர் எஞ்சின் பெஞ்சில் இருந்தது. மச்சானுக்கோ காக்கிச் சட்டையைக் கண்டால் கை உதறும். உதறுகிற கையோடு காத்தாடியிடம் போனால் விரல் மிஞ்சாது. கோமதியின் முகம் கண்முன்னால் வந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது, மச்சானின் விரல்கள் முழுசாக இருந்தன. பின்னால் நின்ற ஏட்டையாவின் தொப்பியைத்தான் காணோம். அது தெருவில் போய்க்கொண்டிருந்தது. புகையோடு வந்த எண்ணெய் அவருடைய மீசையில் பொடிப்பொடியாகத் துளிர்த்து நின்றது.

தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தோம். மீசையைத் துடைத்துக்கொண்டே அவர் இன்னொரு தடவை டின்னைப் பார்த்தார். வருத்தமாகத் தலையசைத்தார். "சாராயத்துல தண்ணி கலக்குதவனப் புடிச்சிருக்கேன், நவச்சாரம் போடுதவனப் புடிச்சிருக்கேன். வெளக்கெண்ணெ ஊத்துத அளவுக்குக் கல்நெஞ்சுக்காரன நான் இன்னும் பாக்கலவே."

சாரல் குடித்தது

சீசன் சூடு பிடித்தது, அதாவது குளிர ஆரம்பித்தது. மதுரையிலிருந்து ஒரு நகைக்கடை முதலாளி குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். எஸ்டேட் ஏலத்தில் வாங்கிய அவருடைய எஞ்சினைச் சரிசெய்து, ஸ்பிரிட் கலந்த எண்ணெய்ப் பாட்டிலையும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளே ஆள் வந்துவிட்டான், எஞ்சின் ஓடவில்லை என்று. நானும் மச்சானும் பஸ் பிடித்துப் போனோம்.

சுண்டினார், சுண்டினார், மச்சான் அப்படிச் சுண்டினார். எஞ்சின் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான். பிளக்கை மாற்றினேன், எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற ஊசித் திருகைத் திருப்பினேன், குலதெய்வத்தை வேண்டினேன். இதற்குள் சாரலில் நனைந்து மச்சானின் விரல் கூடுகள் ஊறி, இளகி, ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அவருக்கோ ரோஷம் வந்துவிட்டது, வெறும் விரலையே நீட்டிக்கொண்டு காத்தாடிக்குக் கிட்டே போனார். நான் பாய்ந்து அந்தக் கையைக் கட்டிக்கொண்டேன். அவர் இழுக்க, நான் இழுக்க, முதலாளி வீட்டு அம்மாள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். காப்பி குடிக்கும்போதுதான் பார்த்தேன், வராந்தா விளிம்பில் எண்ணெய்ப் பாட்டில் மூடியில்லாமல் நிற்கிறது. விசாரித்தால், குற்றாலத்துக் காற்று நல்லதென்று நேற்றிலிருந்து திறந்தே வைத்திருக்கிறார் முதலாளி. அன்பர்களே, இந்த ஸ்பிரிட் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற ஜாதி. ஒரு பகல் ஒரு இரவு சாரலைக் குடித்தால் எஞ்சின் எப்படிப் பேசும்?

கையோடு கொண்டுபோயிருந்த புது எண்ணெயை ஊற்றினேன். ஒரு கூட்டை அடுப்பில் காட்டி உலர்த்தி மாட்டிக்கொண்டு மச்சான் தட்ட, உடனே பிடித்துக்கொண்டது. ஓடி நின்ற எஞ்சினின் சூட்டில் மற்றக் கூடுகளையும் காயவைத்துக்கொண்டார். மழைக்காலத்துக்கு அதுதான் வசதியென்று அன்றிலிருந்து அதையே வழக்கமாக்கிவிட்டார். பாட்டிலை மூடாமல் வைத்ததற்கு முதலாளியை லேசாகக் கடிந்துகொண்டேன். அவர் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "சாரல்ல நனையிறதுக்கு நாங்க மதுரையிலேருந்து மெனக்கெட்டு வர்றோம். பக்கத்துலயே உக்காந்திருக்கிறது நனையக் கூடாதாய்யா?"

சுரண்டை அண்ணாச்சி சுற்றினார்

ஏரோப்ளேன் பறப்பது எப்படி என்று நான் இன்னும் சொல்லவில்லை. அதன் சிறகிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நீளமாக வரும். அவற்றின் முனையில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒருவர் நிற்க, ப்ளேன் அவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். அதோடு கூடவே அவரும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்துவதற்கு விசை கிடையாது. எண்ணெய் தீர்ந்தால்தான் நிற்கும்.

சுரண்டையில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு ராவுத்தர் மூலம் ஆசை தொற்றி, அவரும் ஒன்று வாங்கிவிட்டார். நல்ல கனமான சரீரம். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பொட்டலில் ஏற்பாடு செய்தோம். பெரிய மனுஷர், குறை வைக்கக்கூடாது என்று நான் டேங்கை முட்ட முட்ட நிரப்பிவிட்டேன். மச்சான் தட்டினார், ப்ளேன் எழும்பியது. அண்ணாச்சி முதல் சில சுற்றுக்கு எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு வேட்டி அவிழ்ந்தது, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றினார். "நிறுத்துங்கலே" என்று ஒரு சுற்றில் கேட்டது. "எண்ணெ தீரணும் அண்ணாச்சி" என்று மச்சான் பதில் சொல்வதற்குள் அவருடைய முதுகு எங்களுக்கு வந்துவிட்டது. முகம் வந்தபோது, "எப்பம் தீரும்?" என்றார். "நெறைய ஊத்தியிருக்கோம்" என்றேன் முதுகிடம்.

ஒருவழியாக எண்ணெய் தீர்ந்து ப்ளேன் தரையில் உட்கார்ந்தது. அண்ணாச்சி உட்காரவில்லை, தொடர்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தென்னைமரத்தை நோக்கி ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அது தப்பித்துப் போய்விடாதபடி கொஞ்ச நேரம் நின்றார். கோபத்தில் என்ன சொல்வாரோ என்று பயந்தேன். தலை தெளியட்டும் என்று கைத்தாங்கலாக ஐந்தருவிக்கு அழைத்துப் போனோம். கரையில் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு அருவியை வலமிருந்து இடமாக ஒருமுறை எண்ணினார், இடமிருந்து வலமாக ஒருமுறை எண்ணினார். பிறகு பரம திருப்தியோடு சொன்னார்: "மத்தவனுக்கெல்லாம் அஞ்சருவி. எனக்கு இன்னைக்குப் பத்து."

அம்மனுக்கு என்ன அவசரம்?

வித்வான் வருவதற்கு முந்தின வாரம், எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடிச் சப்பரம். நாலு தெரு சுற்றி வர வழக்கமாக ஜாமம் ஆகும். சப்பரம் தூக்குகிறவர்கள் தவில் சத்தத்துக்குத்தான் அடி எடுத்து வைப்பார்கள். அன்று மச்சான் வாசிப்பு. நல்ல உற்சாகமாக ஆரம்பித்தார். முதல் தெரு முனையில் தூக்குகிறவர்கள் எட்டி நடந்தார்கள். இரண்டாம் தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மூன்றாம் தெருவில் ஓட்டம் மட்டும்தான். தீவட்டிக்காரன் பின்தங்கிவிட்டான். தாம்பாளத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பூசாரி சப்பரத்தைத் துரத்திக்கொண்டு வந்தார். தேங்காய் பழத்தோடு வாசலில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் அம்மன் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டாள். பிரசாதச் சுண்டல் அரைவேக்காடாக இருக்கும்போதே சாமி கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மச்சான் விரல்களைப் பார்த்தேன், ஒரு பழுதும் இல்லை. அது போதுமே எனக்கு! மனுஷர் யாழ்ப்பாணம் போகிற மகிழ்ச்சியில் வெளுத்து வாங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். சப்பரத்தை இறக்கி வைத்துவிட்டு நாக்கு வெளியே தள்ள உட்கார்ந்திருந்த முன்தண்டுக்காரர் மட்டும் மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்வே, அம்மனுக்கு எங்கயாவது கடைசி பஸ்ஸு புடிக்கணுமா?"

வித்வான் கேட்டார்

வித்வான் வந்துவிட்டார். குற்றாலத்தில் அவர் தங்கியிருந்த பங்களாவுக்கு மச்சானும் நானும் போனோம். புறப்படும்போது கோமதி தன் அண்ணன் கையை வெளிச்சத்தில் பிடித்து, கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள். சொத்தை இல்லை. திருநீறு பூசி அனுப்பினாள். பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒரு ஆடி முழுக்க அத்தனை காத்தாடிகளுக்கும் தப்பி விரல்கள் கரை சேர்ந்துவிட்டன, இனி நான் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வித்வான் வயதானவர், சிவந்த மேனி, அருவியில் குளித்துவிட்டு வந்து சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாளம் போடுகிறவர், சுருதிக்கு ஒத்து ஊதுகிறவர். மச்சான் நமஸ்காரம் பண்ணினதும் அவர் மூக்கை உறிஞ்சினார். "என்ன தம்பி, விளக்கெண்ணெய் வாசனை?" என்றார். "கூடு காயவெச்ச எடம் அப்படிங்கய்யா" என்றார் மச்சான். மேலே ஒன்றும் கேட்காமல் வித்வான் நாயனத்தை எடுத்தார். நல்ல நிதானமான காலம், யானை அசைந்து வருகிற மாதிரி. மச்சான் சேர்ந்துகொண்டார். சொல் ஒவ்வொன்றும் மணி மணியாக விழுந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நீர் கன்னத்துக்கு இறங்குவதற்குள் யானை குதிரையாகிவிட்டது. மச்சான் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். தாளம் போடுகிறவர் முதலில் தடுமாறினார், பிறகு தாளத்தைத் தரையில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். ஒத்து ஊதுகிறவர் மட்டும் நிதானமாக இருந்தார், அவருக்கு ஒரே சுரம். வித்வான் விட்டுக்கொடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கன்னம் உப்ப, மச்சானைத் துரத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு மாதமாக அந்த எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வேகம் மச்சானின் காதுக்குள் குடியேறிவிட்டது. சப்பரத்தன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடே சேர்ந்து விரலைக் காவல் காத்தோம், காதை ஒருவரும் கவனிக்கவில்லை. போயிற்று, யாழ்ப்பாணம் போயிற்று. எந்த முகத்தோடு கோமதியைப் பார்ப்பேன்?

இருவரும் ஒன்றாகப் போய் முட்டி நின்றார்கள். வித்வானுக்கு மூச்சு வாங்கியது, சந்தனமெல்லாம் வியர்வையில் கரைந்து வயிற்றில் ஓடியது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார், தோள்கள் குலுங்கின. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வித்வான், "இந்த மாசம் பூரா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்றார். மச்சானுக்குப் பொய் வராது. எஞ்சினிலிருந்து அம்மன் ஓடினது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என்னை நோக்கிக் கையைக் காட்டினார். வித்வான் திரும்பி என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

"எனக்கு வயசாயிடுச்சுன்னு இப்போ வர்ற தவில்காரன் எல்லாம் மெதுவா வாசிச்சு என்னைத் தாலாட்டிக்கிட்டிருக்கான்" என்றார் வித்வான். அவர் சிரிக்கிறார் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. "இந்தத் தம்பிதான் இன்னிக்கு என்னை எழுப்பி ஓடவிட்டிருக்கான். காலத்தை நான் இழுத்துப் பிடிச்சுக்கிறேன், யாழ்ப்பாணத்துக்கு இவன் வரட்டும். எஞ்சின்காரர் மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

மச்சான் கப்பலேறியதும் சுண்டுகிற உத்தியோகமும் என் வெறும் விரலுக்கே வந்து சேர்ந்ததால், யாழ்ப்பாணத்தில் போட்ட தங்க மோதிரத்தோடு அவர் திரும்பி வந்து எனக்கும் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னபோது, அதைப் போட்டுக்கொள்ளக் கட்டுப் போடாத விரல் ஒன்று கூட என்னிடம் இல்லை.